தெப்பம் சுமந்த பெட்டி

சீவலப்பொட்டல் பேருந்து நிலையத்தில் தெப்பக்குளம் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தென்காசி வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தபோது. நாற்பது வருடத்துக்கு முன்னால் மண்ணடித்து மூடி, சிமெண்டு பூசி, மேலே பேருந்து நிலையமும் கட்டிவிட்டதால் தரைக்குக் கீழே இறங்க இடமில்லாமல், குளம் தரைக்கு மேலேயே எழும்பி இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. நாலு பக்கமும் கல்படி, நடுவில் மைய மண்டபம், படியோரத்துப் பாசி என்று ஒன்றும் குறையவில்லை. மரியாதை தெரிந்த தண்ணீர் அது, தென்காசி வண்டி பின்னால் நகர்ந்து சாலைக்கு ஏறும்வரை ஓரத்திலேயே காத்திருந்து பிறகுதான் நிறைந்தது. ஓட்டுநர் இறங்கிப் படியேறி, காலை நனைத்துப் பார்த்து, நல்ல குளிர்ச்சி என்று நடத்துநரிடம் சொன்னார். டிக்கெட் எடுத்திருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் குளித்துவிட்டு அடுத்த வண்டியில் போனார்கள்.

எதிர் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆசீர்தான் இதற்குக் காரணம் என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கல்யாண ஆல்பம் செய்கிற ஆசீரிடம், கும்பாபிஷேக மலரில் போட அந்தக் காலத்துத் தெப்பக்குளத்தை அப்படியே வரைந்து தரச் சொல்லியிருந்தது கோயில் கமிட்டி. அவர் படிப்படியாக, பாசி பாசியாக வரைந்தார், ஆனால் அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு படிக்கட்டைக் காட்டவே அரைநாள் எடுத்துக்கொண்டதால், புதிதாக ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். மாட்டிவிட்டு, வரைந்ததை ஓடவிட்டு எப்படி இருக்கிறது என்று திரையைப் பார்த்தார், திரை நன்றாகத்தான் இருந்தது, ஜன்னலுக்கு வெளியேயும் அதேதான் இருந்தது.

அந்தக் கார்டை மாட்டிக் கொடுத்தவள் உலகம்மாள். ஸ்டுடியோ மாடிப்படிக்குக் கீழே ஒரு முடுக்கில் கடை வைத்து, கொண்டையில் செருகிய ஸ்குரூடிரைவரோடு, அந்த ஊரின் கம்ப்யூட்டர்களையெல்லாம் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவள். தவில் வித்வான் கோமதிசங்கரனின் மனைவி. அவர் ஊரெல்லாம் அதிரும்படி வாசிப்பார், இவள் நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களே மிஷின் படுத்துவிட்டால் அவள் வாயிலிருந்து அந்தப் பத்து வார்த்தை வராதா என்று நிற்பார்கள். அவள் தாங்கும் என்று சொன்னது தாங்கும், தாங்காது என்றால் தாங்காது, இத்தனை வருடத்தில் இது பொய்த்ததே இல்லை. கார்டு மாட்டிய அன்றைக்கு அவள் ஆசீரிடம் சொன்னதும் கொஞ்சம்தான்.

“கார்டு பெருசு அண்ணே. பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்காது. சேத்து மாத்திருங்க.”

எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டருக்குள் பின்பக்கம் உட்கார்ந்து, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, ஒவ்வொரு உறுப்புக்கும் அதனதன் அளவு தெரிந்து பங்கு வைக்கிற தகரப் பெட்டி. கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, ஒழுங்காக நடக்கிறவரை அவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. ஆசீரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஊர் குளத்தைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. காலை ஒன்பதுக்கு ஆசீர் கம்ப்யூட்டரைப் போட்டால் குளம் வரும், சாயங்காலம் ஆறுக்கு அணைத்தால் போகும். அதற்குள் துவைக்கிறவர்கள் துவைத்து, குளிக்கிறவர்கள் குளித்து, எருமைகள் ஊறி எழுந்தாக வேண்டும். நேரக் காப்பாளர் தன் மைக்கில் வண்டி நேரத்தோடு குளத்தின் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். பேரூராட்சியிலிருந்து, அனுமதியின்றி நீர்நிலை அமைத்ததற்கு விளக்கம் கேட்டு ஆசீருக்கு ஒரு கடிதமும், அதற்கு மறுநாள் ‘ஆழமான பகுதி’ என்று ஒரு பலகையும் வந்தன. குளத்து மீன்களைப் பிடித்து வறுத்தவர்களுக்கு மட்டும்தான் ஏமாற்றம்: ஆசீர் கம்ப்யூட்டரை அணைத்ததும் சட்டியிலிருந்த மீன் போய்விடும், மசாலா மட்டும் எண்ணெயில் கிடக்கும். இரண்டு நாள் மசாலாவைத் தின்று பார்த்துவிட்டு அவர்களும் மீன் ஆசையை விட்டார்கள்.

ஆனால் குளம் சொன்ன நேரத்துக்கு மட்டுமல்லாமல் நடுவிலும் போனது. காற்றடித்துத் தண்ணீர் சிலுசிலுத்தால், வெயில் ஒவ்வொரு அலையிலும் உடைந்தால், அத்தனை அலையையும் அத்தனை வெயிலையும் வரைந்து காட்டக் கார்டு மின்சாரத்தை அள்ளி இழுக்கும், பழைய பெட்டி கொடுக்க முடியாமல் மூச்சடைத்து நிற்கும், கம்ப்யூட்டர் பட்டென்று அணையும், குளம் இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் தலையில் சோப்பு நுரையோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கரண்டு போனதைப் பொறுத்துப் பழகிய ஊர் இதையும் பொறுத்தது. மின்வாரிய லைன்மேன் தன் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்தார். ஆசீர் செருப்போடு கம்ப்யூட்டர் முன் உட்காருவதால்தான் என்று சிலர் சொன்னதால் அவர் செருப்பைக் கழற்றினார், அப்போதும் அணைந்தது. மவுசுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மானிட்டருக்குத் தேங்காய் சுற்றினார்கள், அப்போதும் அணைந்தது. கடைசியில் ஒருநாள் நடுக்குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்த சோடாக்கடை மாடசாமி இரண்டு ஆள் உயரத்திலிருந்து சிமெண்டில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் ஊர் உலகம்மாளைக் கேட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது குளத்துக்கு. இங்கே ஆழம் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டருக்குள் என்று யாருக்குத் தெரியும்?

கேட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. கோயில் தர்மகர்த்தா அழகுநம்பி அண்ணாச்சி, ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மனசுக்காரர், நல்ல மனசைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர், குளம் வந்துவிட்டதால் தெப்பத் திருவிழாவையும் நடத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தைப்பூசத்தன்று காலை, பகல் தெப்பம். சாமி, அர்ச்சகர், நாகஸ்வரக்காரர், தவில்காரர் எல்லாரும் தெப்பத்தில் ஏறி மூன்று சுற்று வருவார்கள். தவில்காரர் என்றால் கோமதிசங்கரன்தான், வேறு ஆள் கிடையாது. அவரும் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டார்.

இதைக் கேட்டதும் உலகம்மாள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். காற்றுக்கும் வெயிலுக்குமே மூச்சடைக்கிற பெட்டி, இத்தனை ஜோடனையும் கொடியும் ஆளும் தண்ணீரில் நிழலாக விழும்போது, அந்த நிழல் ஒவ்வொன்றையும் கார்டு வரைய வேண்டியிருக்கும்போது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெப்பம் நடுக்குளத்தில் இருக்கையில் கம்ப்யூட்டர் அணைந்தால் அத்தனை பேரும் சிமெண்டில் விழுவார்கள், தன் புருஷன் மடியில் தவிலோடு விழுவார்.

அவள் புதுப் பெட்டி வேண்டும் என்று சொன்னாள். சொன்ன மறுநாளே, ஊர் வழக்கப்படி, ஆளுக்கொருவர் உபயமாக ஐந்து பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் பச்சை விளக்கு எரிந்தது, ஒன்றில் ஏழு வண்ணமும் எரிந்தது, எல்லாவற்றிலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று ஸ்டிக்கர் பளபளத்தது. உலகம்மாள் ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கி, நாலைத் தள்ளி வைத்தாள். உள்ளே காற்றைத்தான் அடைத்திருக்கிறார்கள் என்றாள். ஐந்தாவது நல்ல கனமாக இருந்தது. அதைக் கொண்டுவந்த பலசரக்குக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் கொண்டையிலிருந்து ஸ்குரூடிரைவரை உருவிப் பெட்டியைத் திறந்து காட்டினாள்: கனத்துக்காக உள்ளே ஒரு சிமெண்டுக் கட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையும் ஒருத்தன் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறானே என்று வருத்தமாகச் சொன்னார்.

பெரிதாக ஆயிரத்து ஐநூறுக்கு ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். அன்றைக்கு உலகம்மாள் தன் ஒரு மாதத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். கார்டுக்கு முந்நூற்று இருபது வாட்ஸ், பிராசசருக்கு நூற்றைம்பது, மற்றதற்கெல்லாம் ஒரு அறுபது, ஆக ஐநூற்று முப்பது. ஆனால் கார்டு கண் இமைக்கிற நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்கும், அந்த இமைப்பைத் தாங்க எண்ணூற்று ஐம்பது வேண்டும், அதற்கு மேல் வீண். ஸ்டிக்கரில் எழுதியதை நாள் முழுக்கச் சூட்டிலும் கொடுக்கிற பெட்டியா, ஒரு நொடி கொடுத்துவிட்டுப் படுக்கிற பெட்டியா என்று பார்க்க வேண்டும். கார்டுக்குப் போகிற இரண்டு கேபிளும் பெட்டியிலிருந்தே தனித்தனியாக வர வேண்டும், நடுவில் ஒட்டு வைத்துப் பிரித்தால் ஒட்டு உருகும். தங்க முத்திரை போட்டது என்றால் நல்லதுதானே என்று அண்ணாச்சி ஆசையாகக் கேட்டார். அது மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான முத்திரை, எவ்வளவு உண்மையானது என்பதற்கு முத்திரை கிடையாது, அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்க வேண்டும் என்றாள். பிறகு ஒரு வாரம், பெட்டிகளைப் பிரித்துப் போட்டுச் சூடேற்றிச் சோதித்தவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தாள்.

மதுரைக்குத் தானே போய், பத்து வருட கியாரண்டியோடு ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கறுப்பாக, விளக்கில்லாமல், ஓசையில்லாமல், பார்க்க ஒன்றுமே இல்லாத பெட்டி. அதன் செலவை ஏற்றுக்கொண்ட அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்காரப் போகிற ஒன்றை உபயம் செய்தால் உலகத்துக்கு எப்படித் தெரியும் என்ற அவருடைய கவலையும் நியாயமான கவலைதான்.

பெட்டியை மாட்டியதும் உலகம்மாள் வாக்குக் கொடுத்துவிடவில்லை. குளத்தின்மேல் மழை வரையச் சொன்னாள் ஆசீரை, துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் ஒரு வளையமாக. கார்டுக்கு அதைவிடப் பாரம் கிடையாது. நாலு நாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை, மார்கழி முடிந்த தெளிந்த வானத்தின் கீழே பேருந்து நிலையத்தில் மட்டும் அடைமழை பெய்தது. பயணிகள் சாலையில் குடையை மடக்கியும் நிலையத்துக்குள் விரித்தும் நடந்தார்கள். தவளைகள் வந்தன, அவற்றுக்கும் சேர்த்துப் பெட்டி கொடுத்தது. நாலு நாளும் அது ஒரு முறைகூட முனகவில்லை, அதன் ஃபேன் சுற்றுகிறதா என்றே காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், சொன்ன சொல்லுக்கு இப்படி நின்ற ஒருவரைக் காட்டுவது கஷ்டம். நாலாம் நாள் மாலை உலகம்மாள் தாங்கும் என்றாள். ஊர் பந்தல்கால் நட்டது.

தைப்பூசத்தன்று விடிந்ததும், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். ஸ்டுடியோ ஜன்னலில் அவள் சிவப்புத் துண்டைக் காட்டினால் அபாயம் என்று பொருள், உடனே கயிறு இழுப்பவர்களைக் கூப்பிட்டுத் தெப்பத்தைப் படிக்குத் திருப்பிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

“சரிளா,” என்றார் கோமதிசங்கரன்.

அவள் குளித்துப் புடவை மாற்றி வருவதற்குள் ஸ்டுடியோவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பூஜை போட வந்த அண்ணாச்சி, சந்தனம் குங்குமத்தோடு ஒரு பித்தளைத் தகடும் கொண்டுவந்திருந்தார். ‘தெப்பத் திருவிழா மின்பெட்டி உபயம்’ என்று தொடங்கி அவருடைய பெயர், அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாம் புடைப்பெழுத்தில் இருந்தன. அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தபோது, இன்னும் போட்டிராத கம்ப்யூட்டரின் முதுகில் அந்தப் பெட்டியின் பின்முகம் மட்டும் வெளியே தெரிவதையும், அதில் வெறும் ஓட்டை ஓட்டையாக இருப்பதையும் கண்டார். பெட்டியைப் பிடித்திருந்த நாலு ஸ்குரூவையும் கழற்றி, ஓட்டைகளின் மேல் தகட்டை வைத்து, அதே நாலு ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினார். ஹார்டுவேர்காரர் கை, கச்சிதமாக முடுக்கியது. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பெட்டி மூச்சு விடுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, ஆசீரும் அப்போது ஜன்னலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்குத் தெப்பம் கிளம்பியது. சீவலப்பொட்டல் அதுவரை பார்த்த காலைகளிலேயே அதுதான் அழகான காலை என்று சொல்லிவிடலாம்: கரும்பும் வாழையும் கட்டிய தெப்பம், அதற்குக் கீழே தலைகீழாக இன்னொரு தெப்பம், கொடிக்குக் கொடி, பூவுக்குப் பூ, சாமிக்குச் சாமி, படியெல்லாம் ஜனம், தண்ணீருக்குள்ளும் அதே ஜனம், ஓரத்தில் வரிசையாக நின்ற பேருந்துகளின் கூரையிலும் ஜனம். கோமதிசங்கரன் தெப்பத்தின் முகப்பில் உட்கார்ந்து தவிலை வாசிக்கத் தொடங்கியதும் தண்ணீர் அதிர்ந்தது, அந்த அதிர்வையும் கார்டு ஒரு வளையம் விடாமல் வரைந்தது. முதல் சுற்று முடிந்தது.

இரண்டாம் சுற்றில் தெப்பம் தென்கரையைத் தாண்டும்போது உலகம்மாளுக்கு ஒரு சத்தம் கேட்டது. நாலு நாள் மழையில் வாய் திறக்காத பெட்டியின் ஃபேன், ஆலை விசில் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் கொதிக்கிற தகடும், விரலுக்குக் கீழே புடைப்பெழுத்தும் தட்டுப்பட்டன. ‘உபயம்’ என்ற வார்த்தையை அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் படித்தாள்.

சிவப்புத் துண்டு ஜன்னல் கம்பியில் கிடந்தது. காட்டினால் தெப்பத்தைத் திருப்புவார்கள், பயந்து எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் கவிழும், கவிழாமல் கரை சேரவும் ஏழெட்டு நிமிடமாகும், அதுவரை பெட்டி மூச்சில்லாமல் தாங்க வேண்டும். காட்டாமல் தகட்டைக் கழற்றுவது என்றால் நாலு ஸ்குரூவையும் ஓடுகிற மிஷினில் கழற்ற வேண்டும், கழற்றினால் பெட்டி பிடிப்பில்லாமல் உள்ளே சாயும், கேபிள் ஒன்று அசைந்தாலும் குளம் போய்விடும், ஆகவே யாராவது அதைக் கையில் தாங்கியாக வேண்டும். கழற்றவும் தாங்கவும் சேர்த்து அவளுக்குக் கை கிடையாது. வெளியே தவில் கேட்டது. மட்டமான பெட்டியாக இருந்தால் இந்தச் சூட்டுக்கு இந்நேரம் வெடித்திருக்கும், இது இன்னும் ஒரு வாட்ஸ் குறையாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறதே என்று அவள் நினைத்தாள், நினைத்ததும் அதன்மேல் அவளுக்குக் கூடப்பிறந்தவனிடம் வருகிற மாதிரி ஒரு பாசம் வந்தது.

“அண்ணே, ஸ்குரூடிரைவரப் பிடிங்க,” என்று கொண்டையிலிருந்து உருவி, பக்கத்தில் நின்ற ஆசீரிடம் கொடுத்தாள். “நான் ஏந்திக்கிடுதேன். நீங்க ஒவ்வொண்ணா கழத்துங்க, பதறாதிய.”

இடது கையால் தகட்டை அழுத்தி, வலது கையைப் பக்கவாட்டில் நுழைத்துப் பெட்டிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். ஆசீர் ஜெபம் சொல்லிக்கொண்டே கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது லேசில் வரவில்லை. தகடு அவள் இடது உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டே இருந்தது, கையை எடுத்தால் பெட்டி அசையும் என்பதால் அவள் எடுக்கவில்லை. நாலாவதும் வந்தது, தகடு தரையில் விழுந்து சத்தமிட்டது, பெட்டியின் முதுகிலிருந்து சூடான காற்று அவள் முகத்தில் அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசில் இறங்கியது. ஸ்குரூக்களைத் திரும்ப முடுக்கும்போது பெட்டி அசைந்துவிடும் என்பதால், மாட்டவே வேண்டாம் என்று ஆசீரிடம் சொல்லிவிட்டு, பெட்டியை, குளத்தை, சாமியை, தெப்பத்தை, புருஷனை எல்லாம் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்றாம் சுற்று முடிகிறவரை அப்படியே மண்டியிட்டு இருந்தாள்.

தெப்பம் படியில் முட்டியது. சாமி இறங்கியது, ஜனம் இறங்கியது, மைக்கில் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள், பெட்டிக்கும் சொன்னார்கள். பிரசாதத்தோடு மாடியேறி வந்த அண்ணாச்சி தரையில் கிடந்த தகட்டைப் பார்த்தார், உலகம்மாளின் கையைப் பார்த்தார், ஆசீர் சொன்னதைக் கேட்டார். பிறகு தகட்டைத் தானே குனிந்து எடுத்து, பெயர் உள்பக்கம் வரும்படி துண்டில் சுற்றிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் மன்னிப்புக் கேட்டார். அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

அவருக்குப் பின்னால் கோமதிசங்கரன் வந்தார். வேர்வையும் சந்தனமுமாக, வாசித்து முடித்த சந்தோஷம் முகத்தில் இன்னும் இறங்காமல் இருந்தது. ஸ்குரூவை எல்லாம் மாட்டி முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இத்தனை நேரமும் அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: துண்டைக் காட்டாமல் அந்த மனுஷனின் உயிரை வைத்துத் தான் முடிவெடுத்தது, ஒவ்வொரு சுற்றிலும் வெறும் ஜன்னலைப் பார்த்து அவர் நிம்மதியாக வாசித்திருப்பார் என்பது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“சுத்துக்குச் சுத்து ஜன்னலப் பாத்தியளா?”

மறந்துபோனதை மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு.

“ஒரு தடவகூடப் பாக்கலியே.”

பத்து வார்த்தைக்காரி அன்றைக்கு நூறு வார்த்தை திட்டினாள். நடுத்தண்ணியில் இருக்கிறவருக்கு அக்கறை வேண்டாமா, படித்துப் படித்துச் சொன்னேனே, ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் என்ன கதி என்று மூச்சு வாங்கத் திட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை இழுத்து வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அண்ணாச்சியின் பெயரில் பாதி, கொப்புளமாக எழும்பியிருந்தது.

“நீ பாத்துக்கிட்டு இருக்கையில நான் எதுக்குளா பாக்கணும்?” என்றார்.

உலகம்மாள் ஆசீரிடம், தண்ணீரில் கடைசி ஆள்வரை, எருமைவரை கரையேறியாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மிஷினை அணைக்கச் சொன்னாள். அவர் ஜன்னலுக்குப் போனதும், புருஷன் தோளில் முகத்தை வைத்து, காலையிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.